ஒற்றை நாற்காலிச் சத்தம்

பத்ரி வகுப்புக்குப் போன முதல் நாளே, திரும்பி வந்துவிடுகிறேன் என்று போன் செய்தான். 2005 அக்டோபர் முதல் வாரம். நான் அம்மாவுக்கு ரசஞ்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா, ஒரு எழவும் புரியலைக்கா. ஒரு மணி நேரம் அந்த மனுஷர் பேசினார். குட் மார்னிங் சொன்னது மட்டும்தான் புரிஞ்சது."

"மூணு வருஷம் என்னோட ஸ்பானிஷ் கிளாஸுக்கு வந்தியே, அங்கே உக்காந்து என்ன பண்ணிண்டிருந்தே? வடா பாவ் தின்னுண்டிருந்தியா?"

"அது வேறக்கா. புனே மேடம் ஒவ்வொரு வார்த்தையா எடுத்து இலையில வெப்பா. இங்கே எல்லாரும் ஒரே மூச்சுல கொட்டறா. நான் வந்துடறேன்க்கா."

"வந்து பாரு. காலை ஒடிச்சு அடுப்புல வெச்சுடறேன்."

அவன் அழ ஆரம்பித்தான். இருபத்துமூன்று வயசுத் தடியன், ஸ்பெயினில் வயாதோலித் என்கிற ஊரில், ஏதோ ஒரு டெலிபோன் பூத்தில் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். எனக்குப் பாவமாக இல்லை, பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த இடம் என்னுடையது.

புனேயில் எங்கள் மாலை வகுப்புக்கு அந்த வருஷம் ஸ்பெயினிலிருந்து உதவித்தொகை ஒன்று வந்திருந்தது. ஒரே ஒரு ஆளுக்கு, ஒரு வருஷம், அங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க. பாடம் முழுக்க ஸ்பானிஷில். பரீட்சை எழுதினோம், நேர்முகம் போனோம். பட்டியலில் முதல் பெயர் நீலா பட்டாபிராமன். காத்திருப்போரில் முதல் பெயர் பத்ரி பட்டாபிராமன். பேப்பரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நடுரோட்டில் குதித்தோம். அப்பா இருந்திருந்தால் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒருத்தர் விடாமல் பேடா கொடுத்திருப்பார். அவர் போய் அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு இருபத்தாறு வயசு. ஹடப்சரில் ஒரு ஆபீஸில் வேலை. மெக்சிகோவிலிருந்து வரும் காப்பீட்டு விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் மாற்றித் தரவேண்டும். உடைந்த கார்க் கண்ணாடி, வெடித்த தண்ணீர்க் குழாய், நாய் கடித்த தபால்காரர். இவ்வளவுதான் என் ஸ்பானிஷ். இதிலிருந்து தப்பித்து ஒரு வகுப்பறையில் போய் உட்காரப் போகிறேன் என்று ஆபீஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். விசாவுக்கு நாள் கூடக் குறித்தாயிற்று.

அதற்கு மூன்று வாரம் முன்னால், ஜூலையில், அம்மா குளியலறையில் விழுந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று.

யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. யாராவது சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்ரி, "நீ போக்கா, அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்றான். ஒரு தரம்தான் சொன்னான். நான் இன்னொரு தரம் சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலமே, என்னால் வர இயலவில்லை, பட்டியலில் அடுத்தவரை அழைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல ஸ்பானிஷில் நானே கடிதம் எழுதினேன். ஒரு பிழை இல்லை, இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

அப்படிப் போனவன் முதல் நாளே திரும்பி வருகிறேன் என்கிறான். அடிக்காமல் என்ன செய்வது?

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் நான்தான். "ஒரு ரெக்கார்டர் வாங்கு. மேஜை மேலே வெச்சுடு. கிளாஸ் முழுக்க அதுல ஏறட்டும். எனக்கு மெயில்ல அனுப்பு. நான் கேட்டு, எழுதி, அர்த்தத்தோட திருப்பி அனுப்பறேன்."

"அக்கா, உனக்கு நேரம் ஏது?"

"பஸ்ல ரெண்டு மணி நேரம் வேற என்ன பண்றேன்? ஜேப்படிக்காரனைப் பாத்துண்டு நிக்கறேன்."

விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஃபிளாட். அங்கேயிருந்து ஸ்டேஷன் போய் பஸ் மாறி ஹடப்சர். சனிக்கிழமை தெருமுனை சைபர் கஃபேயில் உட்கார்ந்து அவன் அனுப்பியதை எல்லாம் இறக்கி, விரல் நீளத்துக்கு ஒரு பாட்டுப் பெட்டியில் ஏற்றிக்கொள்வேன். வாரம் முழுக்க அதைக் கேட்பேன். அடுத்த சனிக்கிழமை அதே கஃபேயில் உட்கார்ந்து, வார்த்தை விடாமல் அடித்து அனுப்புவேன்.

முதல் பதிவை நான் மறக்கவே மாட்டேன். பஸ் ஏரவாடா தாண்டியது. காதில் கசகசவென்று பிள்ளைகள் பேச்சு, சிரிப்பு. கதவு திறக்கும் சத்தம். உடனே, கிரீச்சென்று ஒரே ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அப்புறம் இரண்டு பெண்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. வாத்தியார் உள்ளே வந்திருக்கிறார், எங்கள் கேந்திரிய வித்யாலயாவில் பன்னிரண்டு வருஷம் பழகினபடி இந்த அசடு எழுந்து நின்றிருக்கிறது. அங்கே வேறு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"உட்காருங்கள், உட்காருங்கள், நான் பிஷப் இல்லை" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. நானும் பஸ்ஸில் சிரித்துவிட்டேன். பத்ரியின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. அவனுக்கு அவர் சொன்னது புரிந்திருக்காது. பயந்துபோய் உட்கார்ந்திருப்பான். எனக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் வந்தது.

வாத்தியார் பெயர் எமிலியோ. கிழவர்தான் என்று இருமலிலேயே தெரிந்தது. கரும்பலகையில் எழுதும்போது பேசமாட்டார், அதனால் சாக்பீஸ் சத்தம் தெளிவாகக் கேட்கும். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி அமெரிக்கா போனவர்களைப் பற்றிப் பாடம். நினைத்தவன் எல்லாம் கப்பலேறிவிட முடியாதாம். ஊர், அப்பா அம்மா பெயர் எல்லாம் சொல்லி, அரசாங்க அனுமதி வாங்கவேண்டுமாம். அந்தப் பட்டியல்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றனவாம். கிழவர் ஒவ்வொரு பெயராகப் படிக்கும்போது, பக்கத்து வீட்டு மனிதர்களைப் பற்றி வம்பு பேசுகிற மாதிரி இருக்கும். என்ன சுகம் தெரியுமா அது! ஹடப்சர் வந்தது தெரியாமல் போகும்.

நவம்பரில் ஒரு நாள் அவர் வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஒருவர் அனுமதி வாங்கியிருக்கிறார். பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் உண்மையில் கப்பலேறினாரா, ஏறவில்லையா? நமக்கு எப்படித் தெரியும்?" "இந்தியாவிலிருந்து வந்தவர், நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்து நின்றுவிட்டான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது. ரெக்கார்டர் அவன் முன்னால்தானே இருக்கிறது. பத்து எண்ணலாம், பதினைந்து எண்ணலாம். யாரோ பேனாவால் மேஜையைத் தட்டினார்கள். சொல்லுடா, சொல்லுடா என்று முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கினேன்.

"போய்ச் சேர்ந்த ஊரில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும்!" என்று நான் ஸ்பானிஷில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டோடு இருந்த அம்மாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கண்டக்டர், "காய் ஜாலா, தாயி?" என்றான். ஒன்றும் ஆகவில்லை என்று அவனுக்கு மராத்தியில் சொன்னேன். காதில் கிழவர், "பரவாயில்லை, உட்காருங்கள். போய்ச் சேர்ந்த ஊரில் தேட வேண்டும்" என்றார். நான் சொன்னதேதான். அதே வார்த்தைகள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அனுமதி வாங்கியும் ஏறாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர், அவர்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏரவாடா தமிழ்க் குடியிருப்பிலிருந்து பவுன் வருவாள். என்னை விடப் பத்து வயசு பெரியவள், இருந்தாலும் அவளுக்கு நான் அக்கா. நான் ராத்திரி எழுதி வைத்த நோட்டைப் புரட்டி, "இன்னாக்கா இது, தம்பி படிக்குதா, நீ படிக்கிறியா?" என்பாள்.

"அவன்தான் படிக்கிறான். நான் ஒத்தாசை பண்றேன்."

"ஒத்தாசை பண்ற மூஞ்சியா இது? கண்ணாலம் கட்டிக்கப் போற பொண்ணு மாரி மினுக்குறே."

அவள் வாயை அடைக்க முடியாது. ஆனால் சொன்னது நிஜம். அந்த மூன்று மாசம் நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மாவுக்குத் துணி மாற்றும்போதும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடும்போதும், இன்றைக்குக் கிழவர் எந்தக் கப்பலில் நிறுத்தினார் என்று மனசுக்குள் ஓடும்.

ஜனவரியில் ஒன்றைக் கவனித்தேன். கதவு திறந்தது, கிழவர் வணக்கம் சொன்னார், நாற்காலிச் சத்தம் வரவில்லை. பழகிவிட்டான், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மெயில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. முதலில் சந்தேகம் கேட்டு இரண்டு பக்கம் எழுதுவான். அப்புறம் பத்து வரி. அப்புறம், "சூப்பர் அக்கா, ரொம்ப உதவியா இருந்தது" என்று ஒரே வரி.

பிப்ரவரிப் பரீட்சையில் அவனுக்கு நல்ல மார்க். நான் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தேன். "பரிச்சை எழுதினது தம்பி. நீ எதுக்கு இனிப்பு குடுக்கிறே?" என்றாள் பவுன், இரண்டு எடுத்துக்கொண்டு.

"நோட்ஸ் யாருது? பாதி மார்க் எனக்கு."

மார்ச் மாசம் இரண்டாவது வாரம். பஸ் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியிருந்தது. வகுப்பு முடிந்தது, ஆனால் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. பத்ரி நிறுத்த மறந்திருக்கிறான். நடை, படிக்கட்டு, காப்பி மெஷினில் காசு விழும் சத்தம். ஒரு பெண் குரல். அவன் அவளை லூசியா என்றான்.

"இந்த ரெக்கார்டரை ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறாய்? என்னைவிட உனக்குத்தான் நன்றாகப் புரிகிறது. போன வாரம் நான்தான் உன் நோட்டை வாங்கினேன்."

"எனக்கில்லை. என் அக்காவுக்கு" என்றான் பத்ரி. எவ்வளவு வேகம்! பாதி எழுத்தை விழுங்கி, அவர்களை மாதிரியே பேசினான். ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அக்காவும் இதைப் படிக்கிறாளா?"

"எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாரா வாரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நான் அதைத் திறப்பதே இல்லை."

"அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடேன்."

"இது அவளுடைய இடம், லூசியா. நான் நிறுத்திவிட்டால் அவளுக்கு ஒன்றும் இருக்காது."

"பாவம்" என்றாள் அந்தப் பெண். அப்புறம் கதவு சாத்தும் சத்தம்.

நான் பாத்திமா நகரில் இறங்கிவிட்டேன். ஆபீஸுக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது. பஸ் ஸ்டாப்பிலேயே நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எது வலித்தது என்று எனக்கே தெரியவில்லை. திறப்பதே இல்லை என்றானே, அதுவா? முகம் தெரியாத ஒருத்தி என்னைப் பாவம் என்றாளே, அதுவா? கிறிஸ்துமஸுக்குப் பிறகு மட்டும் பதினோரு சனிக்கிழமை. முதுகு ஒடிய உட்கார்ந்து அடித்தேன். அம்மாவுக்கு ஜுரமாக இருந்த வாரம்கூட விடவில்லை. கழுதை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இருந்தாலும் ஒரு நப்பாசை. பெண் முன்னால் ஜம்பத்துக்குச் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. அந்தச் சனிக்கிழமை நோட்ஸ் அடிக்கும்போது, நாலாவது பக்கத்தில், சேவிய்யா துறைமுகத்துக்கும் கப்பல் வரிக்கும் நடுவில், ஆங்கில எழுத்தில் தமிழாக இப்படி எழுதினேன்: அடைக்கு ஒரு ஆழாக்கு துவரம்பருப்பு, அரை ஆழாக்கு கடலைப்பருப்பு, ஒரு ஆழாக்கு புழுங்கலரிசி, ஆறு மிளகாய், கரகரவென்று அரைக்கவும், பெருங்காயம் மறக்க வேண்டாம். அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. "இந்த வார நோட்ஸ் பிரமாதம் அக்கா. அந்தத் துறைமுகம் பகுதி ரொம்பத் தெளிவா இருந்தது."

சைபர் கஃபேயில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து நாற்காலிப் பையன் பார்த்தான். பிறகு எழுத ஆரம்பித்தேன். என்னை என்னவென்று நினைத்தாய், எனக்கு யாரும் பிச்சை போடவேண்டாம், உன் கிழவரும் வேண்டாம், உன் ரெக்கார்டரைத் தூக்கிக் குப்பையில் போடு, ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு தரம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே. இரண்டு பக்கம். ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் நன்றாக எழுத வரும்.

அனுப்புகிற பொத்தானில் கையை வைத்தேன். அழுத்தினால், நாளையிலிருந்து பஸ்ஸில் ஜேப்படிக்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். கிழவர் அடுத்த வாரம் லிமா துறைமுகத்தில் இறங்கப் போவதாகச் சொல்லியிருந்தார். யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று அங்கே பார்க்கலாம் என்றிருந்தார். எனக்குத் தெரியவேண்டாமா? அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மானம் உண்டு, ரோஷம் உண்டு, ஆபீஸில் மேனேஜரே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார். அத்தனையையும் அழித்தேன். வரி வரியாக அழித்தேன்.

பிறகு எழுதினேன்: "வியாழக்கிழமை கிளாஸ் இன்னும் வரலை. லேட் பண்ணாதே. நான் இல்லாம நீ புரிஞ்சுக்க மாட்டே, நான்தான் எழுதித் தரணும்." அனுப்பிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாளே பதிவு வந்தது, கூடவே ஒரு வரியும்: "ஸாரி அக்கா, நீ இல்லேன்னா நான் ஃபெயில்தான்."

சனிக்கிழமை இறக்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையே அதைக் கேட்டேன். பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளப் பொறுமையில்லை. பவுன் ஞாயிறு வரமாட்டாள். அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, இடது கையில் பிஸ்கட்டைக் கொடுத்தேன். நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். காதில் மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளின் கசகசப்பு. யாரோ ஓடி வந்து உட்கார்ந்தார்கள். கதவு திறந்தது. ஒரு நாற்காலியும் நகரவில்லை. கிழவர் இருமிவிட்டு, எல்லோருக்கும் காலை வணக்கம் என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

யோசித்து நிற்கவில்லை, கால் தானாக நின்றது. நாற்காலி மொசைக் தரையில் கிரீச்சென்று பின்னால் போயிற்று. அம்மா பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்தாள். பேச்சு அப்போதுதான் துண்டு துண்டாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு... வந்தா?"

ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து எடுத்தேன். "வாத்தியார்மா."

அம்மா தலையை ஆட்டினாள். இடது கையால் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள். பிறகு ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடி, "உன்னை... உக்காரச் சொன்னாரா?" என்றாள்.

"இல்லைம்மா" என்றேன். "நான் இங்கே இருக்கறது அவருக்குத் தெரியாது."